முன்வரிசையில் நாலு பேர்

சிங்கராயரின் தட்டில் இரண்டாவது தோசை விழுந்தபோது, மகள் ஃபெபா தன் கைப்பேசியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்கப்பா. வர்ற சனிக்கிழமை, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஃபுட்பால் மேட்ச். மூணு டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க பொறந்தநாளுக்கு என்னோட கிஃப்ட்டு."

சிங்கராயர் பார்த்தார். வாயிலிருந்த தோசை இறங்கவில்லை.

"எந்தப் பக்கத்து ஸ்டாண்டு?"

"வேற எந்தப் பக்கம்? நீங்க ஒத்த ஆளா நின்னு கத்துன ஸ்டாண்டுதான். மேளக்காரங்க உக்கார்றாங்களே, அது. ஒரு தடவையாவது அத நேர்ல பாக்கணும்னு எத்தன வருஷமா ஆசை எனக்கு."

அடுப்படியிலிருந்து ஜெபசீலி தோசைத் திருப்பியோடு எட்டிப் பார்த்தாள். "எதப் பாக்கணும்? ஸ்டாண்டையா, உங்கப்பா கத்துறதையா?"

"ரெண்டையும்தாம்மா. மூணாவது டிக்கெட் உனக்கு."

"எனக்கு வேணாம். கரப்பான்பூச்சிக்கு என்னைக் கூப்பிடற மனுசன் அங்க என்னத்த கத்தினாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல." அவள் அடுத்த தோசையை ஊற்றப் போய்விட்டாள்.

ஓசூரில் குடியிருந்துகொண்டு சென்னை அணிக்கு ரசிகராக இருப்பது தனி அவஸ்தை. சொந்த மைதானத்துக்குப் போக ஒரு நாள் லீவு போட வேண்டும். எதிரியின் மைதானமோ கர்நாடக எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி, நெரிசல் மனசு வைத்தால், மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் வந்துவிடும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் அணியை நேரில் பார்ப்பதென்றால் எதிரியின் வீட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அந்த வம்பே வேண்டாமென்று டிவியோடு நின்றுவிடுவார்கள்.

சிங்கராயர் வேலை பார்க்கும் வண்டி உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனிலும் அப்படித்தான். டீ நேரத்தில் பயங்கரமான மைதானங்களைப் பற்றிப் பேச்சு வரும். கல்கத்தாவில் அறுபதாயிரம் பேர் ஒரே மூச்சில் ஊளையிட்டால் எதிரணி கோல்கீப்பருக்குத் தன் பெயரே மறந்துவிடும் என்பார் ஒருவர். கொச்சியில் அந்த மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே வாய் திறந்தவன் ஊர் திரும்பியதில்லை என்பார் இன்னொருவர். இருவரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தை விட்டு வெளியே போய் ஆட்டம் பார்த்தவர்கள் அல்லர். கடைசியில் எல்லோரும் சிங்கராயர் பக்கம் திரும்புவார்கள். ஏனென்றால் அவர் மட்டும்தான் உண்மையிலேயே போனவர்.

"போனேன்," என்று மெல்லிய குரலில் ஆரம்பிப்பார். எப்போதுமே அவர் பேச்சு மெதுவாகத்தான் இருக்கும். "சுத்தி அவுங்க ஆளுங்க. மேளம் அடிச்சா நெஞ்சுக்குள்ள கேக்குது. எனக்கு முன்வரிசையில நாலு பேரு, ஒவ்வொருத்தனும் எருமக் கெடா மாதிரி. நம்மாளு கோல் போட்டான். ஸ்டாண்டே கப்புனு ஆயிடுச்சு. நான் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சேன். விட்டேன் பாரு ஒரு கத்து."

"அந்த நாலு பேரு?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"ஆணியடிச்ச மாதிரி உக்காந்துட்டானுங்க. ஆட்டம் முடியற வரைக்கும் ஒருத்தன் திரும்பிப் பாக்கல. அவ்ளோ நடுக்கம்."

இந்தக் கதைக்காகவே அவருக்குக் கேன்டீனில் ஜன்னலோர நாற்காலி ஒன்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

நடந்தது கொஞ்சம் வேறு. மைதானத்துக்குப் போனது நிஜம். மேளம் நிஜம். முன்வரிசையில் நாலு பேர் இருந்ததும் நிஜம். இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம் என்பதால் சிங்கராயரின் நீலச் சட்டையை அன்று யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரைப் பார்த்துத்தான் அவர் பயந்தார். சுற்றியிருந்த எல்லோரும் கத்தினார்கள். அவர்கள் மட்டும் கத்தவில்லை. கத்துகிறவனைப் பற்றிக் கவலையில்லை, என்ன நினைக்கிறான் என்று தெரிந்துவிடும். கத்தாமல் விறைப்பாக உட்கார்ந்திருக்கிற நாலு தடியர்கள் எதற்கு வந்திருப்பார்கள்? கூட்டத்தில் வெளியூர்க்காரன் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று மோப்பம் பிடிக்கத்தான் வந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஆகவே அவர் பெங்களூருக்காகக் கத்தினார், அதுவும் சுத்தமான கன்னடத்தில். "நம்ம பெங்களூரூ! ஹிடிரோ, பிடபேட்றோ!" பிடிங்கடா, விடாதீங்கடா என்று தன் சொந்த அணியையே பிடிக்கச் சொல்லிக் கத்தினார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். அவரைப்போல, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் தடாரென்று தகட்டில் இறங்கும்போது வாயை மூடிக்கொள்வார்கள். அது மேலே ஏறும் சின்ன இடைவெளியில், சொல்ல வேண்டியதை அடிவயிற்றிலிருந்து ஒரே வீச்சில் கத்திவிடுவார்கள். அன்று மேளத்தின் இரண்டு அடிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் சிங்கராயரின் குரல் அப்படித்தான் போய் விழுந்தது. சென்னை கோல் போட்டபோது துக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டவர்களில் அவர்தான் பலமாக அடித்துக்கொண்டார். அந்த நாலு பேர் கடைசிவரை திரும்பவில்லை. உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபெபா, "பயமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். "பயமா? எனக்கா?" என்று சொன்னதில் ஆரம்பித்தது கதை.

இப்போது அந்தக் கதைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சிங்கராயர் கட்டிலிலிருந்து இறங்கும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"வலி உயிர் போகுதும்மா. அந்த ஸ்டாண்டுல படி ஏறணும். இந்தக் காலோட எப்படி?"

ஜெபசீலி தைலத்தைக் கொண்டுவந்தாள். ஃபெபா கைப்பேசியைக் கொண்டுபோனாள். சாயங்காலம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து திரும்பியவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"மாத்திட்டேம்ப்பா. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு அந்த ஸ்டாண்டுலயே கீழ் வரிசையில எடுத்து வெச்சிருந்தாரு. படியே ஏற வேணாம். நமக்கு ரெண்டு சீட்டு பக்கத்துப் பக்கத்துல, மூணாவது நேர் முன்னாடி."

"முன்ன எங்க இருந்துச்சு?"

"மேல, ஒரு மூலையில. அங்க இருந்தா ஒண்ணும் தெரியாது. இது மேளக்காரங்களுக்கு ஒட்டுனாப்புல."

முழங்கால் வலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது. வலித்து இனி எந்தப் பயனும் இல்லை.

அடுத்த நாள் அவர், கம்பெனியில் ஷிஃப்ட்டுக்கு ஆள் போடும் ஆனந்தராஜைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனந்தராஜ் அவர் கதையைக் கேட்டுக் கேட்டே சென்னை ரசிகரானவர்.

"சனிக்கிழம செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஆள் பத்தலன்னு சொன்னீங்களே. என்னப் போடுங்க."

"சனிக்கிழம மேட்சு இருக்குதேண்ணா. நீங்க எப்பிடி?"

"பொண்ணு டிக்கெட்டே எடுத்துட்டா. இருந்தாலும் வேலைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

ஆனந்தராஜ் கண் கலங்கியது. விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் அவர். டீ நேரத்தில் கேன்டீன் நடுவில் நின்று சொல்லிவிட்டார். "பாத்துக்கங்கப்பா. மறுபடியும் அந்தக் குகைக்குள்ள போறதுக்குக் கையில டிக்கெட்ட வெச்சிக்கிட்டு, கம்பெனிதான் முக்கியம்னு வந்து நிக்கறாரு. இவர நாம விட்டுர்றதா?"

விடவில்லை. சிங்கராயரின் பெயர் சனிக்கிழமை ஷிஃப்ட்டிலிருந்து அடிக்கப்பட்டது. அவர் வரிசைக்குப் பின்னால் இருந்த சீட்டுகளை ஆறு பேர் சேர்ந்து வாங்கினார்கள். பணியாளர் வேன் பேசப்பட்டது. அண்ணன் அந்தக் கத்தைக் கத்துவதைக் காதால் கேட்க வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பமும்.

சிங்கராயர் கடைசி அம்பை எடுத்தார். "என் ராசியான ஜெர்ஸி கிழிஞ்சு போச்சு. அது இல்லாம நான் அங்க போயி கத்துனா டீமுக்கு ஆவாது."

வெள்ளிக்கிழமை மாலை ஆனந்தராஜ் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பிரித்தால் புது நீல ஜெர்ஸி. முன்பக்கம் பார்க்க ஒரு பிரச்சினையும் இல்லை. பின்பக்கத்தில், உள்ளங்கை அகல எழுத்தில், மஞ்சளில் அச்சடித்திருந்தது: "ஓசூர் சிங்கம்". அதற்குக் கீழே இன்னும் பெரிதாக, "சென்னை".

"தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்ல," என்றார் ஆனந்தராஜ்.

"தெரியும்," என்றார் சிங்கராயர்.

சனிக்கிழமை அந்த ஜெர்ஸியின் மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டு, கழுத்து வரை பட்டன் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். ஜெபசீலி வாசலில் நின்று சிலுவை போட்டு அனுப்பினாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வேனை ஓட்டியவர் கங்கப்பன். சாமல்பட்டிக்காரர், இந்த மாதம்தான் கம்பெனி வண்டிக்கு வந்தவர். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கண்ணாடிக்குப் பக்கத்தில் சென்னை அணியின் சின்னக் கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம ஆளுதானா," என்றார் ஆனந்தராஜ். "அப்ப உள்ள வாங்க. அண்ணி வராததால ஒரு டிக்கெட் சும்மாத்தான் இருக்குது."

"வேணாங்க சார். நான் வண்டியிலயே உக்காந்து போன்ல பாத்துக்கறேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு போன்லயா?"

"எனக்கு அந்த கிரவுண்டு ஆவாதுங்க சார்," என்று சொல்லிவிட்டு கங்கப்பன் ஹாரனை அடித்தார். அப்போது சாலையில் முன்னால் யாரும் இல்லை.

எல்லை தாண்டியதும் நெரிசல் பிடித்துக்கொண்டது. ஃபெபா அப்பாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"மொத மொத இங்க இன்டர்வியூவுக்கு வந்தேன்ல. அஞ்சு பேரு எதுத்தாப்புல உக்காந்துனு இருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பில்ல. எந்திரிச்சு ஓடிடலாமான்னு இருந்துச்சு. அப்ப உங்களத்தான் நெனச்சேன். அவ்ளோ பேரு நடுவுல அப்பா ஒத்த ஆளா எந்திரிச்சு நின்னாரு, அவர் பொண்ணு அஞ்சு பேருக்குப் பயப்படலாமான்னு. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொல்லிட்டேன்."

சிங்கராயர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பொய் கேன்டீனில் ஒரு நாற்காலி வாங்கித் தந்தது என்றால் போகட்டும் என்று விடலாம். அது இவளுக்கு வேலையே வாங்கித் தந்திருக்கிறது. இன்றைக்கு அது உடைந்தால், உடைவது தன் மானம் மட்டுமல்ல என்று அவருக்குப் புரிந்தது. அவருக்கு நிஜமாகவே அழுகை வரும்போல இருந்தது.

மைதான வாசலில் கங்கப்பன் மறுபடியும் முரண்டு பிடித்தார். ஃபெபா விடவில்லை. "அண்ணா, எங்கப்பா பக்கத்துல இருக்கறப்ப உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டு, டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டாள். அதற்கு மேல் மறுக்க அவருக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே வந்து, சிங்கராயருக்கு நேர் முன்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

மேளம் ஆரம்பித்தது. அது மாறவே இல்லை, நெஞ்சுக்குள்தான் கேட்டது. இரண்டு சீட்டு தள்ளி, முகம் முழுக்க நீலச் சாயம் பூசிய ஒரு ஆள் கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் புஜம் சிங்கராயரின் தொடை அளவுக்கு இருந்தது.

"அண்ணா, ஸ்வெட்டர எடுங்க. போட்டோ எடுக்கலாம்," என்றார் பின்வரிசையிலிருந்து ஆனந்தராஜ்.

"குளிருது."

"வேர்த்து ஊத்துதேண்ணா உங்களுக்கு."

பட்டனை ஆனந்தராஜே கழற்றிவிட்டார். ஓசூர் சிங்கம் வெளியே வந்தது. சிங்கராயர் உடனே நாற்காலியில் முதுகை ஒட்டிவைத்து உட்கார்ந்தார். பாதி நேரம் முடிந்து எல்லோரும் டீ குடிக்க எழுந்து போனபோதும் அவர் அசையவில்லை.

"இன்னும் கத்தவே இல்லயேப்பா," என்றாள் ஃபெபா.

"கோல் வரட்டும்மா. அதுக்குத்தான் தொண்டைய சேத்து வெச்சிருக்கேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சென்னை கோல் போடக் கூடாது என்று சிங்கராயர் மாதாவிடம் வேண்டிக்கொண்டார். மாதா அவருடைய பழைய வேண்டுதல்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஓரத்திலிருந்து வந்த பந்தைச் சென்னை ஆள் ஒருவன் தலையால் தட்டினான். பந்து வலைக்குள் போய்விட்டது.

ஸ்டாண்ட் அப்படியே அடங்கியது. மேளம் நின்றது. கதையில் சொன்னபடியே எல்லாம் இருந்தது.

"அப்பா," என்றாள் ஃபெபா மெதுவாக. "இப்போ."

பின்வரிசையில் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தராஜ் கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக இருந்தார். சிங்கராயர் மகளின் முகத்தைப் பார்த்தார். அடித்தால் அடிக்கட்டும், ஒரே ஒரு கத்து, இவளுக்காக என்று முடிவு செய்தார். அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே தைரியசாலியாகத்தான் இருந்தார். எழுந்து நின்றார்.

அவர் எழுந்ததும் சாயம் பூசிய ஆள் திரும்பினான். அவரையே பார்த்தான். மேளக்குச்சியை ஓங்கினான். துவண்டுபோன கூட்டத்தைத் தட்டி எழுப்பத்தான் ஓங்கினான். ஆனால் அது சிங்கராயருக்குத் தெரியாது. தடாரென்று ஒரு அடி விழுந்தது. குச்சி மறுபடி மேலே ஏறியது. இருபது வருஷப் பழக்கம், அந்தச் சந்தில் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நம்ம பெங்களூரூ! ஹிடிரோ, பிடபேட்றோ!"

இன்னொரு அடி. இன்னொரு கத்து. துக்கத்திலிருந்த ஸ்டாண்டுக்கு உயிர் வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சாயம் பூசிய ஆள் அவரைக் கட்டிப்பிடித்து, தன் கன்னத்து நீலத்தில் பாதியை அவர் கன்னத்தில் ஒட்டிவிட்டான். அவர் முதுகில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், ஆட்டம் முடிந்து விசில் ஊதும் வரைக்கும் சிங்கராயர் கத்தினார்.

சென்னை ஜெயித்துவிட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்தது.  ஆனந்தராஜ் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் ஃபெபா. அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல ஆகியிருந்தது. "நீங்க கத்துனது அவுங்க கோஷம்ப்பா."

 சிங்கராயர் கன்னத்துச் சாயத்தைத் துடைத்தார். அது கைக்கும் பரவியது. மகளைப் பார்க்கத் தைரியமில்லாமல் முன்னால் பார்த்தார்.

முன்வரிசையில் கங்கப்பன் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள், இரண்டு தோளும் காதுவரை ஏறி, ஆணியடித்ததுபோல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தலையைத் திருப்பாமலே அவர் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, தடவித் தடவி, சிங்கராயரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். 

"சார், நாலு வரிசைக்குக் கேக்காத மாதிரி மெதுவா பதில் சொல்லுங்க," என்று கிசுகிசுத்தார் கங்கப்பன். "முன்ன ஒரு தடவ சாமல்பட்டியில இருந்து நாங்க நாலு பேரு சென்னைக்குக் கத்தறதுக்குன்னு வந்து, எங்க பின்னாடி மேளத்துக்கு நடுவுல கத்துன இதே பாவிக்குப் பயந்துதான் கடைசி வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தோம், அவன் போயிட்டானா, இன்னும் உங்க பக்கத்துலதான் நிக்கறானா?"